சேலத்துத் தண்ணீருக்கு எந்த நரம்பு?

சென்ற ஐப்பசியில் தொடங்கி இந்த ஆனி வரை, மூன்று வகைத் தூண்டில் நரம்புகளைச் சொந்தக் காசில் வாங்கி, சேலம் மூக்கனேரி, மேட்டூர் அணையின் பண்ணவாடிக் கரை, ஏற்காட்டில் என் அத்தை வீட்டாரின் காப்பித் தோட்டத்துக் குட்டை ஆகிய மூன்று இடங்களில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ராடுக்கும் ரீலுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயங்காத நம்மவர்கள், முள்ளுக்கும் கைக்கும் நடுவே இருக்கும் அந்த ஒற்றை இழையை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கி வந்துவிடுகிறார்கள். நானும் பத்து ஆண்டுகள் அப்படித்தான் வாங்கினேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் பக்கத்து ஏரிகளில் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் தூண்டில் போடுகிறவருக்குச் சாதாரண நைலான் நரம்பே போதும், ஆகாயத்தாமரைக்குள் விரால் தேடுகிறவர் பின்னல் நரம்புக்குக் காசு கொடுக்கலாம், நீருக்குள் மங்கலாகத் தெரியும் ஃப்ளூரோகார்பன் நரம்பு, தெளிந்த தண்ணீர் வாய்த்தவருக்கானது, அதுவும் முள்ளருகே இரண்டு முழத்துக்கு மட்டும்.

நைலானை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடற்கரைக்காரர்கள் தங்கூசி என்று சொல்வதும், நம் கடைகளில் நரம்பு என்று கேட்டவுடன் எடுத்து வைப்பதும் இதைத்தான். டூபாண்ட் நிறுவனம் 1938இல் அறிவித்த இந்தச் செயற்கை இழை, அதற்குப் பிறகு எத்தனையோ புதிய நரம்புகள் வந்த பின்னும் கடைச் சுவரில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 0.35 மில்லிமீட்டர் தடிமனில் நூறு மீட்டர் சுருள் ஒன்றை, மேட்டூரில் வலை விற்கும் ஒரு சிறு கடையில் தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கினேன். இதன் பெரிய குணம் இழுவை. மீன் திடீரென்று திமிறும்போது நரம்பே சற்று நீண்டு கொடுத்து, அந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்கிறது. ஜிலேபியின் உதடு மெல்லியது. விறைப்பான நரம்பில் வெட்டி இழுத்தால் முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெறுமனே வரும். மூங்கில் குச்சியும் தக்கையுமாக மண்புழு கோத்து உட்காருகிறவருக்கு இந்த நெகிழ்வு ஒரு வரம் என்றே சொல்வேன்.

குறைகளும் உண்டு. ரீலில் சில மாதம் சுற்றிக் கிடந்த நைலான், வெளியே எறிந்தாலும் சுருள் சுருளாகவே விழும். எவ்வளவு இழுத்து நீவினாலும் நாய் வாலைப் போல மறுபடி வளைந்துகொள்ளும். அதைவிட முக்கியமான குறை, நைலான் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சியபின் பலம் குறையும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டேனே தவிர, எவ்வளவு குறைகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் திண்ணையில் சோதனை ஒன்றை நடத்தினேன். ஊஞ்சல் கொக்கியில் ஒரு முழ நரம்பைக் கட்டி, அதன் கீழ்நுனியில் பிளாஸ்டிக் வாளியைத் தொங்கவிட்டு, பால்காரர் வைத்திருப்பதைப் போன்ற ஒரு லிட்டர் அளவைக் குவளையால் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் தராசு எதுவும் தேவைப்படவில்லை. அட்டையில் பன்னிரண்டு கிலோ என்று அச்சிட்டிருந்த அந்த நரம்பு, காய்ந்த நிலையில் எட்டாவது குவளை பாதியில் இருக்கும்போது அறுந்தது. இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்த துண்டு ஏழாவது குவளையைத் தாண்டவில்லை. இரண்டு முறையும் அறுந்த இடம் முடிச்சுதான். நான்காவது முறை வாளி விழுந்து திண்ணை நனைந்தபோது அம்மா வெளியே வந்து, “மீன் புடிக்கப் போறியா, கெணத்துல தண்ணி எறைக்கப் போறியா?” என்று கேட்டார்.

இந்தச் சோதனையில் நான் கற்றது, அட்டையிலுள்ள கிலோ எண்ணைப் பார்த்து நரம்பு வாங்கக் கூடாது என்பது. ஒரே தடிமனுள்ள இரண்டு நைலான் சுருள்களில் ஒன்று எட்டு கிலோ என்றும் மற்றொன்று பதினைந்து கிலோ என்றும் சொன்னால், இரண்டாவதை நம்புவதற்கு முன் வாளியைத் தேடுங்கள். அயல்நாட்டுச் சுருள்களில் பலம் பவுண்டில் இருக்கும்; பத்து பவுண்டு என்பது ஏறத்தாழ நாலரைக் கிலோ. அதையும் கிலோ என்றே படித்துச் சொல்லும் விற்பனையாளர்களைப் பார்த்திருக்கிறேன். தடிமனைப் பார்த்து வாங்குவதே நம்பகமானது. மூக்கனேரி போன்ற இடத்தில் அரைக்கிலோ, ஒரு கிலோ மீனுக்கு 0.25 முதல் 0.30 வரை தாராளம். மேட்டூரில் கட்லாவும் ரோகுவும் எந்த அளவில் வந்து மாட்டும் என்று சொல்ல முடியாததால் 0.35, 0.40 வேண்டும்.

அடுத்தது பின்னல் நரம்பு. மிக நுண்ணிய பாலிஎத்திலீன் இழைகளை நான்கு புரியாகவோ எட்டுப் புரியாகவோ பின்னிச் செய்வது இது. நைலானில் பாதித் தடிமனிலேயே அதே பலத்தைத் தருகிறது, தண்ணீரை உறிஞ்சாது, தண்ணீரைவிட இலேசானது என்பதால் மிதக்கும், இழுத்தால் அநேகமாக நீளவே நீளாது. நான் வாங்கியது நான்கு புரி, முப்பது பவுண்டு, நூறு மீட்டர், விலை நானூற்று இருபது ரூபாய். வாளிச் சோதனையில் முதலில் இது என்னை ஏமாற்றியது. நைலானுக்குப் போடும் வழக்கமான முடிச்சையே இதற்கும் போட்டேன். ஐந்து கிலோவில் நரம்பு அறுகாமல் முடிச்சு மட்டும் வழுக்கிக் கழன்று, வாளி விழுந்தது. அவ்வளவு வழவழப்பு. இரட்டையாக மடித்து முள்ளின் காதில் கோத்து, முள்ளையே வளையத்துக்குள் நுழைத்து எடுக்கும் பாலோமர் முடிச்சைப் போட்டபின், பதினோராவது குவளை வரை அசையவில்லை. ரீலின் சுருளிலும் இதே வழுக்கல் உண்டு: அடியில் பத்துச் சுற்று நைலானைச் சுற்றி, அதன் மேல் இதைச் சுற்றாவிட்டால், மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் சுருளின் மேல் சும்மா சுழலும்.

இந்த நரம்பின் அருமையை மூக்கனேரியில்தான் கண்டேன். தை மாத விடியற்காலை, குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கரையோரம் நின்றுகொண்டிருந்தேன். ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்தில் கையகல இடைவெளி ஒன்றில் விரால் மூச்சு விட மேலே வந்து, ஒரு குமிழியை விட்டு இறங்கியது. ரப்பர் தவளையை அந்த இடைவெளிக்கு அப்பால் எறிந்து, இலைகளின் மேல் தத்தித் தத்தி இழுத்து வந்தபோது, தண்ணீர் வெடித்ததைப் போல ஒரு சத்தம். விராலின் வாய் எலும்பாலானது. முள் இறங்க வேண்டுமென்றால் வெட்டு முழுவதும் முள்முனைக்குப் போய்ச் சேர வேண்டும். நைலானில் அந்த வெட்டில் பாதி நரம்பின் நீட்சியிலேயே கரைந்துபோகும். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் இரண்டு விரால்களை நான் அப்படித்தான் விட்டிருந்தேன். இந்த முறை முள் இறங்கியது. அது செடிக்குள் புகுந்து சுற்றிக்கொண்டபோதும் விடாமல் இழுத்ததில், ஒன்றேகால் கிலோ மீனோடு ஒரு கூடை ஆகாயத்தாமரையும் வேரோடு கரைக்கு வந்தது. நரம்பைக் கையில் சுற்றி இழுத்ததால் ஆள்காட்டி விரலில் கத்திக் கீறலைப் போல ஒரு வெட்டும் விழுந்தது. இந்த நரம்பை வெறுங்கையில் சுற்றவே கூடாது.

அதே நரம்பைப் பண்ணவாடிக்குக் கொண்டுபோனது என் தவறு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டுத் தண்ணீர் தேங்கியபோது, பழைய ஊர்கள் உள்ளே போய்விட்டன. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதை நம்மில் பலர் போய்ப் பார்த்திருப்போம். அங்கே அடிநீரில் கல்லும் சுவரும் மரத்தூரும் கிடக்கின்றன. பின்னல் நரம்பு நேர் இழுப்புக்கு எவ்வளவு வலியதோ, கல்லில் உரசுவதற்கு அவ்வளவு எளியது. அதன் நுண்ணிய இழைகள் ஒவ்வொன்றாகப் பிசிறி விடும். ஒரே காலையில் மூன்று முள்ளும் ஈயமும் போயின. பக்கத்தில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், “தம்பி, கீழ ஒரு ஊரே கெடக்குது. எந்த வூட்டுச் செவுத்துல ஒரசுதுன்னு யாருக்குத் தெரியும்? நரம்பு போடுங்க, தடிச்சதா போடுங்க” என்றார். மறுவாரம் அவர் சொன்னபடி 0.40 நைலானோடு போனேன். அன்று ஒரு முள் மட்டுமே போயிற்று. எறியும் தூரம் வேண்டும் என்பவர்கள், ரீலில் பின்னலும் அதன் நுனியில் இரண்டு மீட்டர் தடித்த நைலானுமாக, இரட்டை யூனி முடிச்சில் இணைத்துக்கொள்ளலாம். எனக்கு இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. வாளை மீன் மாட்டினால் மட்டும் எந்த நரம்பும் உதவாது. அதன் பல்லுக்குக் கம்பிதான் வேண்டும்.

மூன்றாவதான ஃப்ளூரோகார்பன் நரம்பை ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் கொண்டுவந்தது. ஒளி தண்ணீரில் வளையும் அளவு 1.33, இந்த நரம்பில் 1.42; நைலானில் 1.5க்கும் மேல். தண்ணீருக்கு நெருங்கிய எண் என்பதால், நீருக்குள் இது நைலானைவிட மங்கலாகத் தெரியும். தண்ணீரை உறிஞ்சாது, வெயிலுக்கு எளிதில் இற்றுப்போகாது, அடர்த்தி 1.78 என்பதால் விரைவாக மூழ்கும். விலையும் அதற்கேற்ப மூழ்கடிக்கும்.

இதில்தான் நான் ஏமாந்தேன். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நானூற்று ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய சுருளின் மேல் ஃப்ளூரோகார்பன் என்ற சொல் பெரிதாக இருந்தது. பூச்சு என்ற சொல் எறும்பெழுத்தில் பின்பக்கம் இருந்தது. நைலானின் மேல் மெல்லிய பூச்சிட்டதை இப்படி விற்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க அடுப்படியே போதும். ஒரு தம்ளர் தண்ணீரில் இனிமேல் கரையாது என்னும் வரை கல்லுப்பைப் போட்டுக் கலக்குங்கள். அந்த நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.2 ஆகும். நைலானின் அடர்த்தி 1.14 என்பதால் அதில் மிதக்கும். உண்மையான ஃப்ளூரோகார்பன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நரம்புத் துண்டைச் சோப்பு நீரில் நனைத்துக் காற்றுக் குமிழிகளை விரலால் தடவி நீக்கிவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் குமிழி தூக்கிப் பிடித்து முடிவைக் கெடுக்கும். என் நானூற்று ஐம்பது ரூபாய் ஊறுகாய் ஜாடியில் எலுமிச்சை மிதப்பதைப் போல மிதந்தது. விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

பிறகு அறுநூற்று எண்பது ரூபாய்க்கு ஐம்பது மீட்டர் உண்மையான சரக்கை வாங்கினேன். மூக்கனேரியின் பச்சைத் தண்ணீரில் என் முழங்கை வரை விட்டாலே விரல் தெரிவதில்லை. அங்கே இதற்கும் நைலானுக்கும் எந்த வேறுபாட்டையும் நான் காணவில்லை. ஏற்காட்டுக் குட்டை வேறு கதை. ஊற்று நீர் நிறைந்து, அடியில் கிடக்கும் காப்பி இலைகளை எண்ணக்கூடிய தெளிவு. அங்குள்ள கெண்டைகள் நரம்பைக் கண்டு இரைக்கு ஒரு சாண் முன்பே திரும்பிவிடுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். மெல்லிய ஃப்ளூரோகார்பனை முள்ளருகே ஒரு மீட்டர் மட்டும் கட்டி, கேழ்வரகு மாவுருண்டை வைத்த அன்று, அவற்றில் சில திரும்பாமல் வந்து எடுத்தன. ஒரு நாளைய அனுபவத்தை விதியாக்க மாட்டேன். ஆனாலும் மீதிச் சுருளை அத்தை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தேன். முடிச்சு மட்டும் கவனம்: விறைப்பான இழை என்பதால், எச்சில் தொட்டு நனைக்காமல் இறுக்கினால் உரசல் சூட்டில் அங்கேயே நலிந்துவிடும்.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். சேலம் நகரத்தில் ஒரு கடையில், கண்ணாடிக்குப் பின்னால் மேற்கு வெயில் விழும் இடத்தில் நரம்புச் சுருள்களைத் தோரணமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு, வெயில்பட்ட நைலான் உள்ளுக்குள் இற்றுப்போகும். அங்கே வாங்கிய சுருள் ஊறவைக்காமலேயே நான்காவது குவளையில் அறுந்தது. மேட்டூர் வலைக்கடைக்காரர் சுருள்களைத் தகரப் பெட்டியில் மூடி வைத்திருக்கிறார். கேட்டால் ஒரு முழம் வெட்டிக் கையில் கொடுத்து, முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்க்கச் சொல்கிறார். பேருந்துக் கட்டணம் போனாலும் நான் அங்கேதான் வாங்குகிறேன்.

நைலானை ஆண்டுக்கொரு முறை மாற்றுவதற்காக, சுற்றிய தேதியை ரீலின் அடியில் எழுதி ஒட்டி வைக்கிறேன். கழித்த நரம்பைக் கரையில் விட்டுவரக் கூடாது, மூக்கனேரித் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். போன ஆண்டின் பழைய சுருளை அம்மா எடுத்து அவரைப் பந்தலுக்குக் கட்டியிருந்தார். இந்தக் கோடை முடிந்தபின் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. தொட்டுப் பார்த்தேன், எட்டு கிலோ தாங்கிய நரம்பு இரண்டு விரலால் இழுத்தவுடன் அறுந்தது.