மூக்குச்சளிப் பழமும் மூன்று ஆப்பும்

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரம், செடி பேர் கண்டுபிடிக்கக் காசு கட்டி எந்த ஆப்பும் வாங்க வேண்டாம். பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டும் இலவசம், வீட்டு உபயோகத்துக்கு அவை தாராளமாகப் போதும். நான் காசு கட்டியவன். அந்த வயிற்றெரிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் அரசலாற்றுப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. சறுக்குமரம் ஒன்று, சிமென்ட் பெஞ்சு நாலு, வேம்பு, புங்கை, வேலியோரம் மஞ்சள் அரளி. பின்மூலையில் மதிலை ஒட்டி இன்னொரு மரம். யாரும் நட்டு வளர்த்த மாதிரி தெரியவில்லை, ஏதோ பறவை போட்ட விதையாகத்தான் இருக்கும். பத்து வருஷமாக அதன் நிழலில்தான் வண்டியை நிறுத்துகிறேன், ஒரு நாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. மருத மரத்தின் பேரில் திருவிடைமருதூர், பனையின் பேரில் திருப்பனந்தாள் என்று சுற்றிலும் மரத்தின் பேரிலேயே ஊர்களை வைத்துக்கொண்டு என் லட்சணம் இது.

ஆடிப்பெருக்கு முடிந்து மூன்றாம் நாள் சாயங்காலம் போயிருந்தோம். ஐந்தாவது படிக்கிற மகள்தான் கீழே கிடந்த பழத்தை எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா, இது என்ன பழம், சாப்பிடலாமா?" என்றாள். கோலிக்குண்டு அளவு. மஞ்சளும் ரோஸும் கலந்த ஒரு நிறம், மேல்தோல் பளபளவென்று இருக்கிறது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே கொட்டை நிழலாகத் தெரிகிறது. மேலே பார்த்தால் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது, மைனாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை, போனை எடுத்தேன்.

அங்கே ஆரம்பித்தது வினை. தேடினதும் முதலில் வந்த விளம்பரத்தைத் தொட்டு ஒரு ஆப்பை இறக்கினேன். பேரைச் சொல்லப்போவதில்லை, இதே மாதிரி பத்து இருக்கின்றன, எல்லாமே ஒரே அச்சு. திறந்ததும் படம் எடுக்க விடாமல், மூன்று நாள் இலவசம், அப்புறம் வருடச் சந்தா என்று ஒரு பக்கம் வந்து மறிக்கும். அதை மூடுகிற பெருக்கல் குறி, மேல் மூலையில் வெள்ளையின் மேல் வெள்ளையாக, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற அளவில் இருக்கும். பிள்ளை பக்கத்தில் நின்று அவசரப்படுத்துகிறாள், நான் சம்மதம் கொடுத்துவிட்டேன்.

இலையை ஒரு படம் எடுத்தேன். பூவரசு என்றது.

டெல்டாவில் பிறந்தவனிடம் வந்து இதைப் பூவரசு என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியிருக்கிறோம், அந்த இலையில் கொழுக்கட்டை வேகவைத்துத் தின்றிருக்கிறோம், காயைக் கிள்ளினால் மஞ்சள் பால் வரும் என்பதெல்லாம் கைக்குத் தெரியும். இந்த மர இலையும் அகலம்தான், தூரத்தில் பார்த்தால் ஒரு சாயல் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தொட்டால் சொரசொரப்பு. சரி, பழத்தை எடுப்போம் என்று உள்ளங்கையில் வைத்து எடுத்தேன். இந்த முறை செர்ரி என்றது. குளிர்நாட்டு மரம், நம் பக்கம் மலைமேல்கூட அபூர்வம், அரசலாற்றங்கரையில் செர்ரி! அதைக்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், பேருக்குக் கீழே பச்சை நிறத்தில் ஒரு டிக் போட்டு ‘உண்ணத்தக்கது’ என்று வந்தது பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். பத்தடி தள்ளி வேலியில் மஞ்சள் அரளி காய்த்துக் கிடக்கிறது, இதயத்தையே நிறுத்தக்கூடிய விஷம். எட்டிப்பழத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆரஞ்சுப் பழம் மாதிரி உருண்டையாக, ஆசையாகப் பழுத்துத் தொங்கும், கொட்டைக்குள் ஸ்ட்ரிக்னைன். எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று சும்மாவா சொன்னார்கள். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக்கு ‘சாப்பிடு’ என்று சொல்கிற ஆப்புக்கு நட்சத்திரமே கொடுக்கக் கூடாது. கொடுக்காமல் கருத்து எழுத முடியாது என்பதால் ஒன்று கொடுத்தேன்.

அன்றைக்கு ராத்திரியே ஆப்பைத் தூக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். நாலாம் நாள் கணக்கிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் போய்விட்டது. போனிலிருந்து ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, இது எனக்குப் பட்டபின்தான் தெரிந்தது. பிளே ஸ்டோரில் மேலே இருக்கும் உங்கள் முகப்படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் என்கிற இடத்துக்குப் போய், அங்கே தனியாக ரத்து செய்ய வேண்டும். தானாகப் பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, எனக்கும் வந்திருக்கிறது, நாற்பது எஸ்எம்எஸ்ஸுக்கு நடுவில் அதை யார் பார்த்தார்கள். அடுத்த வருஷத்துக்காவது போகாமல் ரத்து செய்துவிட்டு, கட்டின காசுக்காவது வைத்திருப்போம் என்று அதை மறுபடி இறக்கினேன். என் புத்தி அப்படி.

இனி நல்ல விஷயம். அலுவலகத்தில் ஒரு நண்பர், தாவரவியல் படித்துவிட்டு எங்களோடு கணக்கு எழுதிக்கொண்டிருப்பவர், பிளான்ட்நெட்டைச் சொன்னார். பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து செய்தது, போனுக்கு 2013இல் வந்தது. சந்தா கேட்டு மறிப்பதில்லை. இதில் எனக்குப் பிடித்தது, படம் எடுத்ததும் அது நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது: இது இலையா, பூவா, பழமா, பட்டையா? ஒரே மரத்துக்குப் பல படங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். விடையும் ஒரே பேராக வருவதில்லை, இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் இத்தனை சதவீதம் என்று போட்டு, பக்கத்திலேயே மற்றவர்கள் எடுத்த படங்களையும் காட்டுகிறது. நாமே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தடவை இலையை மட்டும் கொடுத்தேன், எந்தப் பேரும் முப்பதைத் தாண்டவில்லை. தப்பு அதனுடையது இல்லை. மரத்தடியில் நின்று மேலே பார்த்து எடுத்தால் வானத்தின் வெளிச்சத்தில் இலை கருப்பாக விழுகிறது. அதோடு இந்த மரத்தில் ஒரே கிளையிலேயே ஓர் இலை வட்டம், ஓர் இலை நீளம், ஓர் இலையின் ஓரம் நெளிநெளியாக இருக்கிறது, அதை மட்டும் வைத்து யார்தான் சொல்வது. மறுநாள் காலை ஏழு மணி வெளிச்சத்தில் போனேன். தாழ்ந்த கிளை ஒன்றின் பின்னால் மகள் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டாள். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், கொத்து காம்போடு, பட்டை. நாலு படம். முதல் வரியில் கார்டியா டைகோட்டமா, எண்பதுக்கு மேல். பேருக்கு அர்த்தம் தேடினேன். கார்டியா என்பது கோர்டஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் குடும்பத்துப் பேரிலிருந்து வந்தது. டைகோட்டமா என்றால் இரண்டிரண்டாகக் கவர் விடுவது. நிமிர்ந்து கொத்தைப் பார்த்தால் அப்படியேதான் இருந்தது, காம்பு இரண்டாகப் பிரிந்து, அது மறுபடி இரண்டாகப் பிரிந்து, நுனியில் பழம்.

இவ்வளவு நேரமும் பூங்காவைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி, மூக்குச்சளிப் பழத்தைப் போய் இத்தன தடவ போட்டோ புடிக்கிறீங்க?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இதுக்குப் பேரே அதானாம்மா?"

"நறுவிலின்னும் சொல்லுவாங்க. நாங்க மூக்குச்சளின்னுதான் சொல்லுவோம். பாப்பா, ஒண்ண நசுக்கிப் பாரு, ஏன்னு தெரியும்."

நசுக்கினாள். தோல் பிளந்து, கண்ணாடி மாதிரி ஒரு கூழ் வெளியே வந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிரித்தால் நூல் நூலாக நீள்கிறது, அறுபடவே இல்லை. கொட்டையை உதறினாள், அது விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, இன்னொரு கையால் எடுத்தால் அந்தக் கைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. "அப்பா, ஸ்லைம்!" என்று ஒரே கூச்சல். கடையில் சின்ன டப்பாவில் அடைத்து விற்கிற அந்தக் கண்றாவிக்கு நான் கொடுத்த காசெல்லாம் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூட நாளில் நோட்டுக்கு அட்டை போட, காற்றாடி ஒட்ட, கிழிந்த பக்கத்தைச் சேர்க்க இதைத்தான் பசையாக வைத்துக்கொண்டோம் என்றார் அந்த அம்மா. என் சட்டைப்பையில் பேருந்து டிக்கெட் ஒன்று கிடந்தது, அதை வாங்கி, பழத்தை ஒரு தேய் தேய்த்து, சிமென்ட் பெஞ்சில் ஒட்டிக் காட்டினார். பழத்தின் அடியில் சின்னக் கிண்ணம் மாதிரி காம்போடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பூவின் புல்லிவட்டம் அது, உதிராமல் அப்படியே தங்கிவிடுமாம். அதையும் அவர்தான் கிள்ளிக் காட்டினார், "இந்தத் தொப்பி இருந்தா மூக்குச்சளி" என்று. புல்லிவட்டம் என்ற வார்த்தை மட்டும்தான் நண்பருடையது.

தின்னலாமா என்று கேட்டேன். சின்னப் பிள்ளையில் தின்றிருக்கிறோம், லேசாக இனிக்கும், வாயெல்லாம் ஒட்டும், அவ்வளவுதான் என்றார். நான் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வடக்கே இதன் காயைத்தான் லசோடா, குந்தா என்று சொல்லி ஊறுகாய் போடுகிறார்கள், யுனானி இருமல் கஷாயத்தில் சேர்கிற சபிஸ்தானும் இந்த வகைப் பழத்தின் உலர்ந்த வடிவம்தான்.

ஐநேச்சுரலிஸ்ட் பற்றிச் சுருக்கமாக. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2008இல் மாணவர்கள் சிலர் படிப்புக்காகச் செய்த திட்டம், இப்போது லாப நோக்கமில்லாத தனி அமைப்பு. இதுவும் படத்தைப் பார்த்துத் தானாக ஒரு பேர் சொல்லும், ஆனால் இதன் பலம் மனிதர்கள். நாம் போட்ட படத்தைத் தெரிந்தவர்கள் பார்த்து, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வார்கள், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் பேர் உறுதியாகும். எனக்கு இரண்டாம் நாள் ஒருவர் பதில் போட்டார்: கார்டியா என்பதில் சந்தேகமில்லை, டைகோட்டமாவா ஆப்ளிகாவா என்று சொல்லப் பூவையும் பார்க்க வேண்டும், பழைய புத்தகங்களில் இதையே மிக்ஸா என்றும் எழுதியிருப்பார்கள், பூக்கும்போது மறுபடி படம் போடுங்கள் என்று. எண்பது சதவீதத்தைவிட இந்தப் பதில்தான் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு விஷயம் கவனியுங்கள், படம் எடுத்த இடம் எல்லோருக்கும் தெரியும்படி பதிவாகும். பூங்கா என்றால் பரவாயில்லை, வீட்டுக் கொல்லை மரம் என்றால் இடத்தை மறைக்கும் வசதியைத் தட்டிவிட்டுப் போடுங்கள். பிள்ளைகள் கையில் கொடுப்பதாக இருந்தால் அவர்களுடைய சீக் என்ற ஆப் நல்லது, கணக்குத் தொடங்காமலே வேலை செய்யும்.

போன் எல்லாம் வேண்டாம், முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் திருச்சிதான். செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது, செடிகொடிகளை உலர்த்திப் பேரெழுதிச் சேர்த்து வைத்திருக்கும் இடம், 1967இல் மேத்யூ பாதிரியார் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய தொகுதிகள் அங்கிருந்து வந்தவைதான். பங்குனியில் இது பூத்ததும் படத்தோடு ஒரு நடை போய்வரலாம் என்று நண்பர் சொல்லியிருக்கிறார், மகள் இப்போதே தயார்.

ஆக, பிளான்ட்நெட்டுக்கு நாலரை, ஐநேச்சுரலிஸ்ட்டுக்கு நாலரை, கூட்டுகிற அம்மாவுக்கு ஐந்து. டிக்கெட்டைப் போய்ப் பார்த்தேன், நாலு நாள் வெயிலுக்கும் ஒரு மழைக்கும் அசையவில்லை, நகத்தால் சுரண்டினால் காகிதம்தான் கிழிகிறது.

காசு கட்டின ஆப் அந்த முதல் படத்தை ‘என் தோட்டம்’ என்ற இடத்தில் பூவரசு என்றே சேமித்து வைத்திருக்கிறது போல. நேற்று சாயங்காலம் வெளியே அடைமழை, அரசலாறு கரை தொட்டு ஓடுகிறது, போனில் ஒரு மணிச்சத்தம்: உங்கள் பூவரசுக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் வந்துவிட்டது.