மீன்தொட்டிச் செடி வாங்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீரை விட்டு வெளியே எடுத்துப் பாருங்கள்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மூன்றடி மீன்தொட்டி இருக்கிறது. நாலு வருஷமாக பிளாஸ்டிக் செடியும் நீலக் கல்லுமாகக் கிடந்ததை இந்தத் தடவை உயிருள்ள செடிகளால் மாற்றலாம் என்று ஆசைப்பட்டேன். தஞ்சாவூரில் ஒரு கடையில் 14 செடி எடுத்தேன். நட்டுக்கொடுக்க வீட்டுக்கே ஆள் வந்தார். எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய்.

வைத்த அன்று தொட்டி கல்யாண மேடை மாதிரி இருந்தது. பின்னால் வெள்ளைக் கோடு போட்ட உயரமான செடி, நடுவில் ஊதா இலை, முன்னால் கட்டை கட்டையாகப் புல். அம்மாதான் வந்து பார்த்துவிட்டு, "இது பேங்க் வாசல்ல தொட்டியில வைக்கிற செடியாச்சேடா" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஊதா இலையைத் தொட்டேன். ஊறிப்போன அப்பளம் மாதிரி விரலோடு வந்துவிட்டது. தண்ணீரில் சாக்கடை வாடை. மறுநாள் காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஆறு கப்பி மீன்கள் செத்துப்போய்விட்டன.

கடைக்குப் போன் செய்தால், "உங்க போர் தண்ணி சரியில்ல சார், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒண்ணு மாட்டிடுங்க" என்று அடுத்த வியாபாரம். பணம் திரும்ப வராதாம். பில்லிலும் 'பிளான்ட்ஸ் 14' என்று மட்டும்தான் இருந்தது, எதை வைத்துச் சண்டை போடுவது?

அப்புறம்தான் தேடிப் படித்தேன். வெள்ளைக் கோடு போட்டது டிரசீனா, லக்கி பாம்பூவும் அதே இனம்தான். ஊதா இலை ஹெமிகிராஃபிஸ், புல் மாண்டோ கிராஸ். மூன்றும் தரைச்செடிகள். முழுக்க முக்கினால் சில நாளோ சில வாரமோ பச்சையாக நின்று ஏமாற்றும், பிறகு அழுகும். அழுகல் மீனுக்கு விஷமான அம்மோனியாவாக மாறும். அதைத் தின்கிற பாக்டீரியா பழைய கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியிருக்கும். நட வந்தவரோ கல்லை மொத்தமாக மாற்றி, பஞ்சையும் குழாயடியில் பளிச்சென்று அலசிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்!

பதினான்கில் நிஜமான நீர்ச்செடி நாலுதான். அதில் இரண்டு அனுபியாஸ். இஞ்சி மாதிரி கிடையாக ஓடும் அதன் தண்டைக் கல்லுக்குள் புதைத்தால் அழுகிவிடும், மரக்கட்டையில் நூலால் கட்டி வைக்க வேண்டும். அதையும் புதைத்துத்தான் வைத்திருந்தார். ஜாவா ஃபெர்ன் என்ற நீர்ச்செடிக்கும் இதே கதைதான்.

கடையில் ஒரு சோதனை செய்யலாம். செடியைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினால் வேலம்பாசி, கபோம்பா மாதிரியான நிஜ நீர்ச்செடிகள் ஈரத்துணி போலத் துவண்டு தொங்கும். விறைப்பாக நின்றால் பெயரைக் கேளுங்கள். அனுபியாஸும் விறைப்பாகத்தான் நிற்கும், அதனால் விறைப்பு மட்டுமே சாட்சி ஆகாது. பெயரைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். பில்லில் ஒவ்வொரு செடியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

வாய்க்காலில் வேலம்பாசி சும்மாவே கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், ஆனால் வயலுக்கு அடித்த மருந்தும் நத்தையும் கூடவே வரலாம். தனி வாளியில் தண்ணீர் மாற்றி மாற்றிச் சில வாரம் வைத்த பிறகே தொட்டிக்குள் விடுங்கள்.

அழுகாமல் மிஞ்சிய ஊதாச் செடி இரண்டை அம்மா கிணற்றடி மண்ணில் ஊன்றினார். ஜோராகப் படர்ந்துகொண்டிருக்கிறது.