டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சேருமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு முடித்த ஒருவரை அரசு அலுவலக மேசை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பயிற்சிகளில் தட்டச்சைப் போலச் செலவு குறைந்தது வேறில்லை. சின்ன ஊர்களில்கூடக் கடைத்தெரு மாடி ஒன்றில் டைப்பிங் இன்ஸ்டிடியூட் இருக்கும். மெஷின்களும் பாடப் புத்தகமும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு மாஸ்டரிடம் இருக்கிறது, அவர் பிடிக்கும் கண்டிப்பில் இருக்கிறது. இந்த மதிப்புரை அதைப் பற்றியது.

நீங்கள் குறிவைப்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை, வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்தும் தேர்வின் சான்றிதழ். தொடக்க நிலை லோயர், அதற்கு அடுத்தது ஹையர். ஆங்கில லோயரில் நிமிடத்துக்கு 30 சொல், ஹையரில் 45. ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டு என்று கணக்கு. ஆக, வேகத்தாளின் 10 நிமிடத்தில் லோயருக்கு 1500 தட்டு, ஹையருக்கு 2250. லோயருக்கான நொடிக்கு இரண்டரை தட்டு என்பது பழகிய கைக்குப் பெரிதல்ல. அதைப் பத்து நிமிடமும் தளராமல், பிழையில்லாமல் தட்டுவதுதான் கடினம். இன்னொரு தாளில் கடிதமும் அட்டவணையும் வரும். அங்கே வேகத்தைவிட ஓரம், இடைவெளி, தலைப்பை நடுவில் நிறுத்துவது ஆகியவற்றுக்குத்தான் மதிப்பெண்.

நல்ல இன்ஸ்டிடியூட்டை அடையாளம் காண முதல் வாரம் போதும். ஆங்கிலத்தில் ஏ எஸ் டி எஃப், தமிழில் ய ள ன க என்று நடுவரிசையை மட்டும் பக்கம் பக்கமாக அடிக்க வைப்பார்கள். இடது சுண்டுவிரல் ‘ய’வில், மோதிரவிரல் ‘ள’வில், நடுவிரல் ‘ன’வில். ஆள்காட்டி விரல் ‘க’வில் உட்கார்ந்து, பக்கத்து ‘ப’வுக்குப் போய்த் திரும்ப வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சலிப்பைப் பார்த்து இரக்கப்பட்டு இரண்டாம் வாரமே பத்தியை நீட்டும் மாஸ்டரிடம் சேராதீர்கள். விரல் தன் இடத்தை அறியுமுன் வேகத்துக்குப் போனவர்கள் கீழே குனிந்து விசையைப் பார்த்து அடிப்பார்கள். லோயரை அப்படித் தட்டுத்தடுமாறித் தாண்டிவிடலாம். ஹையரில் கண் தாளுக்கும் விசைக்கும் ஓடிக்கொண்டிருந்தால் வரி தவறும், சொல் விடுபடும், 2250 தட்டு எட்டாது. அந்தப் பழக்கத்தை மாற்றப் போகும் காலம், புதிதாகக் கற்பவருக்கு ஆகும் காலத்தைவிட நீளம்.

அடுத்து, திருத்தம். அடித்த தாளை வாங்கிச் சிவப்பு மையால் ஒவ்வொரு பிழையையும் சுழித்துத் தருகிறாரா என்று பாருங்கள். சுழித்தால் மட்டும் போதாது, ஏன் வந்தது என்றும் சொல்ல வேண்டும். ‘ன’ வரவேண்டிய இடத்தில் ‘ள’ விழுந்தால் கை ஒரு விசை இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து வரிக்கு மேலே மிதந்தால் ஷிப்டை முழுதாக அழுத்தவில்லை, அல்லது எழுத்து விழுமுன்பே விட்டாயிற்று. இரண்டு எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கை சீராக ஓடவில்லை. தமிழ் மெஷினில் புள்ளி விசையை அழுத்தினால், தாளைத் தாங்கி நகரும் கேரேஜ் நகராது. புள்ளியை முதலில் போட்டு அதன்கீழ் எழுத்தை அடிக்க வேண்டும். கணினியில் எழுத்துக்குப் பின் புள்ளி போட்டுப் பழகியவர்கள் முதலில் இதில்தான் தடுமாறுவார்கள். தினம் தாளைத் திருத்தும் மாஸ்டர் இதை இரண்டு நாளில் சரிசெய்துவிடுவார். வாரம் ஒருமுறை கட்டாக வாங்கிக் கையெழுத்துப் போடுபவர், தவறு கைப்பழக்கமாக இறுகிய பிறகுதான் கவனிப்பார்.

மெஷினில் அழிக்கும் விசை கிடையாது. பின்னுக்குத் தள்ளும் விசை கேரேஜை மட்டும் நகர்த்தும். தப்பு எழுத்து தாளில் அப்படியே நிற்கும். அதன்மேல் இன்னொன்றை அடித்தால் அதுவும் பிழை. கணினி விசைப்பலகையில் வராத ஒழுங்கு மெஷினில் வருவதற்கு இதுதான் காரணம். அவசரமும் இங்கே செல்லாது. எல்லா எழுத்துக் கம்பிகளும் எழுந்து வந்து அடிப்பது ஒரே புள்ளியில். முதல் கம்பி கீழே இறங்குமுன் அடுத்தது எழுந்தால் இரண்டும் மோதிச் சிக்கும். பிரித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவதற்குள் பல தட்டுகள் போயிருக்கும். சீராக அடிப்பவர் வேகமாக அடிப்பவரை முந்துவது இப்படித்தான்.

சேருமுன் மெஷின்களையும் ஒரு பார்வை பாருங்கள். கோத்ரேஜ், ரெமிங்டன், ஃபேசிட் எதுவானாலும் சரி, எல்லாமே பழையவை, பராமரிப்பில்தான் ஓடுகின்றன. ஒரு வரி அடித்துப் பாருங்கள். ‘ஓ’, ‘இ’ போன்ற ஆங்கிலச் சிறிய எழுத்துகளின் வயிறு மையால் அடைத்துக் கறுத்திருந்தால் எழுத்துகளைத் தூரிகையால் துடைத்துப் பல நாளாகிறது. எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூடிக் குறைந்தால் கேரேஜை ஒவ்வோர் இடமாக நகரவிடும் பற்சக்கரம் தேய்ந்திருக்கும். தாள் சுற்றும் ரப்பர் உருளை கல்லாக இறுகியிருந்தால் முற்றுப்புள்ளி தாளைத் துளைக்கும். வரி முடியுமுன் மணி ஒலிக்காத மெஷினில் பழகினால் ஓரம் தாண்டும் பழக்கம் வரும். ஒரு மெஷினில் குறை இருப்பது இயல்பு. பாதிக்குமேல் இப்படி இருந்தால் வேறு இடம் தேடலாம்.

தேர்வு நாளில் இன்ஸ்டிடியூட் என்ன செய்யும் என்பதைச் சேரும்போதே கேளுங்கள். பழகிய மெஷினையே தேர்வு மையத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வண்டி குலுங்கி, கேரேஜை இழுக்கும் பட்டை நழுவினால் கேரேஜ் அசையாது. கூடவே மெக்கானிக் வருகிறாரா, புது ரிப்பன் மாட்டி இரண்டு நாள் முன்பே ஓட்டிப் பார்ப்பார்களா என்பவை முக்கியம். தேர்வன்று காலையில் மாட்டிய ரிப்பன் மையை அப்பி எழுத்தைக் கெடுக்கும்.

இனி, இந்த உழைப்பு எங்கே கொண்டுபோகும் என்பது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர்களுக்கு முதலிடம். ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர் என்றாலும் தகுதி உண்டு. எழுத்துத் தேர்வு இளநிலை உதவியாளருக்கு உள்ள அதே 200 கேள்வி, 300 மதிப்பெண்தான். ஆனால் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் குறைவு என்பதால் தட்டச்சர் கட்ஆஃப் வழக்கமாகத் தாழ்ந்தே நிற்கும். சி.ஓ.ஏ. என்ற கணினிச் சான்றிதழையும் சேர்த்து முடித்துவிடுவது நல்லது. நீதிமன்றப் பணிகளிலும் தட்டச்சருக்கு இடம் உண்டு. சுருக்கெழுத்தும் சேர்ந்தால் சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஆகலாம். அதில் லோயருக்கு நிமிடத்துக்கு 80 சொல், ஹையருக்கு 120.

வேலை கிடைத்ததோடு ஏற்றம் நின்றுவிடாது. தட்டச்சரிலிருந்து உதவியாளர், வருவாய்த் துறையானால் அதற்குமேல் துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று படிகள் உண்டு. அவற்றுக்கு துறைத் தேர்வுகளை உரிய காலத்தில் முடித்திருக்க வேண்டும். பணிமூப்பு இருந்தும் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராமல் போவதற்கு முடிக்காமல் விட்ட ஒரு துறைத் தேர்வே போதும். வேலைக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகளிலேயே, மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி இவற்றை முடிப்பவர்கள் முந்துகிறார்கள். தினம் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்யும் பழக்கம் டைப்பிங் வகுப்பிலேயே வந்துவிட்டிருக்கும் என்பதால், இந்தப் பயிற்சிக்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பு சான்றிதழைவிடப் பெரிது.

குறையும் உண்டு. பல இடங்களில் ஒரு மணி நேர வகுப்புக்கு மெஷினைவிட ஆள் அதிகம். காத்திருந்தே கால் மணி போய்விடும். காலை ஆறரை, ஏழு மணி வகுப்பில் கூட்டம் குறைவு, அதையே கேட்டு வாங்குங்கள். ‘மூன்றே மாதத்தில் லோயர்’ என்று பலகை வைத்திருக்கும் இடத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தினம் தவறாமல் வருபவருக்கே ஆறு மாதம் வேண்டும். ஆகஸ்ட் தேர்வு எழுத நினைப்பவர் ஜனவரியிலேயே சேர்ந்துவிடுங்கள். பரீட்சைக் கட்டணம் மாதக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்பதையும் மெஷின் எடுத்துச் செல்லும் வாடகை எவ்வளவு என்பதையும் பணம் கட்டுமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.