ஹெச். பைலோரிக்கு ஒமெப்ரசோலா, வொனோபிரசானா?

வயிற்றில் புண் உண்டாக்கக்கூடிய ஹெச். பைலோரி கிருமியைக் கொல்வது ஆன்டிபயாடிக்தான். ஆனால் அமிலம் அடங்காத வயிற்றில் அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகள் சரியாக வேலை செய்யாது. அமிலத்தை ஒமெப்ரசோல் மாத்திரையால் அடக்குவதா, வொனோபிரசான் மாத்திரையால் அடக்குவதா என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

வேகம்: ஒமெப்ரசோல் முழு பலம் காட்ட மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். வொனோபிரசான் முதல் நாளிலேயே காட்டிவிடும்.

சாப்பாடு: ஒமெப்ரசோலைச் சாப்பிடுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும். பலர் இட்லியோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள், பலன் குறைந்துவிடுகிறது. வொனோபிரசானுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

உடல்வாகு: சிலரின் கல்லீரல் ஒமெப்ரசோலைச் சீக்கிரம் சிதைத்துவிடும். வொனோபிரசானில் இந்த வேறுபாடு குறைவு.

பலன்: ஜப்பானிய ஆய்வில் ஒமெப்ரசோல் வகையைச் சேர்ந்த லான்சோபிரசோலும் ஆன்டிபயாடிக்குகளும் சேர்ந்த கூட்டு மருந்து சுமார் 76 சதவீதம் பேரைக் குணமாக்கியது, வொனோபிரசான் கூட்டு 93. கிளாரித்ரோமைசினுக்கு மசியாத கிருமியில் லான்சோபிரசோல் கூட்டு 40 சதவீதம், வொனோபிரசான் கூட்டு 82. இவ்வளவு பெரிய இடைவெளியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பழக்கம்: ஒமெப்ரசோல் மலிவு, பல பத்தாண்டு அனுபவம் உண்டு. வொனோபிரசானுக்கு ஜப்பானிலேயே 2014இல்தான் அனுமதி.

சரி, யாருக்கு எது? பிஸ்மத் என்ற வயிற்று மருந்து சேர்ந்த நான்கு மருந்து முறை என்றால் ஒமெப்ரசோலே போதும். கிளாரித்ரோமைசின் கூட்டுதான் தரப்போகிறார்கள் என்றால் வொனோபிரசான் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், எதை எடுத்தாலும் மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை அவசியம். அதற்கு இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்திவிட வேண்டும்.