கலாபகோஸ்: கப்பலிலா, கரையிலா?

பசிபிக் கடலில் இருக்கும் ஈக்வடார் நாட்டுத் தீவுக்கூட்டமான கலாபகோஸைப் பற்றி மாட்டுங்காவில் பக்கத்து வீட்டு மாமி கேட்டார்: "கலாபகோஸ் போனா கப்பலா, ஊர்ல ரூம் போடலாமா?"

கப்பல்தான் என்றேன். பறக்கத் தெரியாத நீர்க்காகம் அங்குள்ள ஃபெர்னாண்டினா, இசபெலா தீவுகளின் கரைகளில் மட்டுமே வாழ்கிறது. ஃபெர்னாண்டினாவில் தங்க இடமே கிடையாது. குட்டைச் சிறகை விரித்து அது வெயில் காய்வதைப் பார்க்க வேண்டுமே! ஒரு கப்பலுக்கு 100 பயணிகள்தான், 16 பேருக்கு ஒரு வழிகாட்டி. இந்தக் கெடுபிடி எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, செலவு கையைக் கடித்தால்? சாண்டா குரூஸ் தீவிலுள்ள புவர்ட்டோ அயோரா ஊரில் தங்கலாம். மீன் சந்தையில், வெட்டுகிறவர் காலடியிலேயே கடல் சிங்கம் துண்டுக்குக் காத்திருக்கும். அப்புறம், அங்குள்ள ஆமை வளர்ப்பு மையத்தைக் கப்பலில் போகிறவர்களும் விடக் கூடாது. எஸ்பஞோலா தீவின் ஆமை இனத்தை வெறும் 15 ஆமைகளிலிருந்து அங்கேதான் மீட்டார்கள்.