கேதம் சொல்லும் நோட்டிலிருந்து குடும்பச் சங்கம் வரை: ஆறு வருட அனுபவம்

2019 கார்த்திகையில் அப்பா தவறினார். யார் யாருக்குக் கேதம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பீரோவில் அவர் கையெழுத்தில் ஒரு நோட்டு இருந்தது. ஊர்வாரியாகப் பெயர்கள். பாதிப் பேரைச் சித்தப்பா அடையாளம் சொன்னார், மீதி யாரென்று அவருக்கே பிடிபடவில்லை. கருமாதி முடிந்த மறுவாரம் அந்த நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். இன்றைக்கு எங்கள் வம்ச மரத்தில் 412 பேர், சங்கத்தில் 58 குடும்பம், மூன்று குடும்பக் கூடல் முடிந்திருக்கிறது. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக, பட்டதை எழுதுகிறேன்.

முதலில் இறங்கியது ஒரு மொபைல் செயலி. பெயர் வேண்டாம். பார்க்க அழகு, கொஞ்சம் பேரை ஏற்றியதும் காசு கேட்டது. அதுகூடப் பரவாயில்லை. குடும்பப் பெயர் எழுதாமல் விட்டால் அடுத்த கட்டத்துக்குப் போக விடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலைப் போட்டேன். அப்பாவும் நானும் வேறு வேறு குடும்பம் என்று முடிவுகட்டியது. அடுத்தது முறைக் கல்யாணம். என் அப்பா கட்டியது சொந்த அத்தை மகளை. அதாவது அப்பாவின் தாத்தா பாட்டிதான் அம்மாவுக்கும் தாய்வழித் தாத்தா பாட்டி. ஆக எனக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் இல்லை, ஆறே பேர். செயலி அந்த ஜோடியை இரண்டு இடத்தில் வரைந்துவிட்டு, தவறு இருக்கிறது சரிபாருங்கள் என்று சிவப்பில் எச்சரித்தது. நம் பக்கம் பாதிக் குடும்பம் அதற்குத் தவறாகத்தான் தெரியும்.

பெயர்கள் இன்னொரு தலைவலி. தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் பெயரன், பேரன் ஆனான். எங்கள் வீட்டில் குலசாமி பெயர் மூன்று தலைமுறையில் ஐந்து பேருக்கு. பட்டப்பெயர் இல்லாவிட்டால் தொலைந்தோம்: வண்டிக்காரர், ரங்கூன் தாத்தா, குட்டையா. மரத்தில் பட்டப்பெயருக்குத் தனிக் கட்டம் ஒதுக்கியது நான் செய்த உருப்படியான காரியம்.

இப்போது ஐந்து வருடமாக இருப்பது கிராம்ப்ஸ். இலவசம், திறந்த மூல மென்பொருள், லேப்டாப்பில் இணையம் இல்லாமலே ஓடும். தமிழில் பெயர் எழுதலாம், ஒரே ஆள் இரண்டு வழியில் உறவானாலும் முரண்டு பிடிக்காது. பழகத்தான் ஒரு மாதம் ஆகும். எதில் ஆரம்பித்தாலும் ஜெட்காம் என்ற பொதுக் கோப்பு வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அது எடுக்க முடிந்ததால்தான் பழைய செயலியிலிருந்து தப்பித்தேன். ஃபேமிலிசர்ச் தளமும் இலவசம்தான், ஆனால் உலகத்துக்கே ஒரே பொது மரம், இறந்தவர்கள் விவரத்தை மற்றவர்களும் திருத்தலாம். நான் வைத்துக்கொள்ளவில்லை. மருமகன் ஒருவன் எச்சில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினான். தென்னிந்தியா என்று முடிவு வந்தது.

அடுத்து ஆவணங்கள். இங்கேதான் பெரிய தப்புப் பண்ணினேன். நான் தேடியபோது பதிவுத்துறைத் தளத்தில் 1975 முதலான வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. அதற்கு முந்தியவற்றை மனுப் போட்டுத் தேடவேண்டியிருந்தது. 1980-இல் கிராமக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தபோது யாருக்கு யார் மகன் என்று மனப்பாடமாகச் சொல்லும் ஆட்களும் போய்விட்டார்கள். அதனால் பங்காளி வீடுகளில் மூலப்பத்திர நகல் கேட்கத் தொடங்கினேன். மூன்றாவது வீட்டில் பெரியப்பா மகன் வாசலிலேயே நிறுத்தினார். “எதுக்குத் தம்பி மூலப்பத்திரம்? அத்தைமாருக்குப் பங்கு கேட்க வக்கீல் அனுப்பிச்சாரா?” என்றார். 1989-இல் தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்ததிலிருந்து, குடும்ப மரம் என்று யார் சொன்னாலும் வழக்கு என்றுதான் காதில் விழுகிறது. ஒரு வருடம் அந்த வகையறாவே என்னோடு பேசவில்லை. பத்திரம் கேட்காதீர்கள். வாரிசுச் சான்றிதழ் அவர்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மகள்கள் பெயரும் இருக்கும்.

பத்திரத்துக்குப் பதிலாகக் கேட்கவேண்டியது மொய் நோட்டு. இதை எனக்குச் சொன்னது அம்மா. 1968-இல் நடந்த அவர்கள் கல்யாணத்து மொய் நோட்டை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். நீளவாக்குக் கணக்கு நோட்டு, மஞ்சள் தடவிய முதல் பக்கம், முதல் வரி தாய்மாமன். அப்புறம் ஊர், தெரு, ஆள், தொகை. ஒன்றேகால் ரூபாய்க்குக்கூட ஒரு வரி. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், அதுவும் கொண்டவன் கொடுத்தவன் சேர்த்து. பங்காளிகளை யாரும் மறப்பதில்லை. ஆண் கணக்கில் தலைக்கட்டு வரி எழுதும் கோயில் நோட்டிலேயே இருக்கிறார்கள். பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடுதான் இரண்டே தலைமுறையில் அழிந்துபோகிறது. மொய் நோட்டு அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

அந்த நோட்டின் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: “கண்டிச் சீமை சின்னையா வீடு, ரூ. 5, மேலத்தெரு அத்தை கையில்.” தாத்தாவின் தம்பி சின்னையா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார், அதோடு தொடர்பு விட்டுப்போனது என்பதுதான் வீட்டில் சொல்லப்பட்ட கதை. மேலத்தெரு அத்தை இறந்து பல வருடம் ஆகிறது. அவர் பேத்தி சிவகாசியில் இருந்தார். அவரிடம் நீலகிரி கூடலூர் நம்பர் ஒன்று இருந்தது. எடுத்துப் பேசியவர் சின்னையாவின் மகள், எனக்கு அத்தை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் சின்னையா குடும்பமும் ஒன்று. எழுபதுகளின் நடுவில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். நாங்கள் தேடாமல் இருந்தபோதும், அவர்கள் எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்தில்தான் இருந்திருக்கிறார்கள். ஏன் ஊருக்கு வரவில்லை என்று அந்த அத்தையிடம் போனில் கேட்டேன். “ஒரு காயிதம் போட்டோம். பதில் வரல” என்றார். அந்தக் கடிதம் யார் கைக்குப் போனது என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சங்கம் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். துணைவிதிகள் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பதிவு இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு; வசூல் ஒரு ஆளின் ஜிபேயில் குவிவதால் வரும் சண்டை பாதி குறையும். வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கு தாக்கல் செய்யவேண்டும். முதல் வருடம் நாங்கள் மறந்தோம், அபராதம் கட்டினோம். துணைவிதியில் இரண்டு மாதம் இழுத்தது ஒரே ஒரு வரி: உறுப்பினர் யார்? தலைக்கட்டு மட்டும் என்றார்கள் பெரியவர்கள். கட்டிக்கொடுத்த பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் தனி உறுப்பினர் என்று நான் நின்றேன். சந்தா 500 ரூபாய் என்றதும் கூடுதல் வசூலை நினைத்தோ என்னவோ ஒத்துக்கொண்டார்கள்.

கூடலில் இரண்டு முறை தோற்றோம். 2022 மே மாதம், மதுரையில் மண்டபம். வெயில், மைக், பொன்னாடை, தலைவர் உரை. சாப்பாடு முடிந்ததும் கூட்டம் கலைந்தது. 2023-இல் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலிலேயே வைத்தோம். ஆண்கள் எல்லாரும் வந்தார்கள், பெண்பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. சிவராத்திரிக்குக் கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுக் குலசாமிக்கல்லவா போவாள்! இது எங்கள் கமிட்டியில் பதினொரு ஆண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 2025-இல் காணும் பொங்கலுக்கு மாற்றினோம். பொங்கல்படியை வீடு வீடாகக் கொண்டுபோகாமல் கோயில் திடலில் வைத்தே அத்தனை மகள்களுக்கும் கொடுத்தோம். திடல் நிறைந்தது.

அன்றைக்குப் பங்காளிக்கு மஞ்சள் அட்டை, மாமன் மச்சானுக்குப் பச்சை அட்டை என்று கழுத்தில் மாட்டிவிட்டோம். என் அம்மாவுக்கு எதைக் கொடுப்பது என்று வாலண்டியர் பையன் முழித்தான். கூடலூர் அத்தை எண்பதைத் தாண்டியவர், அப்பாவுக்கு அக்கா முறை. அவரும் அம்மாவும் முன்பின் பார்த்ததில்லை. நான் லேப்டாப்பைத் திறந்து என்ன முறை என்று தேடுவதற்குள் அம்மா, “மாமன் மகள்னு பார்த்தாலும் மதினி, அவருக்கு அக்கான்னு பார்த்தாலும் மதினி. உக்காருங்க மதினி” என்று பாயை விரித்தார்.

ஒரு உபரிப் பயனும் உண்டு. 2025 கடைசியில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது, பழைய பட்டியலில் பெற்றோர் விவரம் தேடி வாட்ஸாப்பில் என்னை மொய்த்தார்கள். பத்திரம் கேட்டதற்கு வாசலில் நிறுத்திய அண்ணனும் அதில் ஒருவர்.

மரத்தில் இன்னும் 37 பேர் ‘பெயர் தெரியவில்லை’ என்று நிற்கிறார்கள். முப்பத்தேழு பேரும் பெண்கள், பெரும்பாலும் யாராவது ஒருவருடைய பெண்டாட்டி என்று மட்டும் பதிந்தவர்கள். இந்தக் காணும் பொங்கலுக்கு மேடைப் பொறுப்பைத் தம்பியிடம் தள்ளிவிட்டேன். காய் நறுக்குகிற கிழவிகள் பக்கம் நோட்டோடு உட்காரப் போகிறேன்.