கடைசி வருட புராஜெக்ட்: தோட்ட ஆபீசா, கேஎல் கம்பெனியா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடத்தில் வெளி கிளையன்டுக்குச் செய்து கொடுக்கும் புராஜெக்ட் என்றால், மலேசியாவில் எங்கள் ஊரான ஊத்தான் மெலிந்தாங் பிள்ளைகளுக்கு இரண்டு வழி. ஒன்று கேஎல் (கோலாலம்பூர்) சாஃப்ட்வேர் கம்பெனி, இன்னொன்று பக்கத்துச் செம்பனைத் தோட்ட ஆபீஸ். நான் எடுத்தது தோட்டம். தராசு அந்தப் பக்கம்தான் சாயும், சொல்லிவிட்டேன்.

கேஎல்லில் கிடைப்பது தெரிந்ததுதான்: ரெஸ்யூமேயில் ஒரு பெயர், எழுதிய புரோகிராமைப் பார்த்துத் திருத்த ஆள், பிடித்துப்போனால் வேலை. ஆனால் கூடப் படித்தவர்கள் பலருக்கு வந்தது கம்பெனிக்கே அவசரமில்லாத வேலை. பிரசென்டேஷனோடு அது தூங்கிவிட்டது. எல்லா இடத்திலும் இப்படியா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

தோட்டத்தில் தூங்க விடமாட்டார்கள். வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போக வேண்டும். தாமதித்தால் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெய்த் தரம் இறங்கும். கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) ரோட்டோரம் நின்று குலையை எண்ணி, பழுத்தது எத்தனை, காய் எத்தனை, உதிரிப்பழம் எத்தனை மூட்டை என்று குறிப்பார். எண்ணிக்கை பிசகினால் வெட்டுபவர் சம்பளத்தில் இடிக்கும். இந்தக் கணக்கைக் கைப்பேசியில் பதியும் ஆப்தான் எங்கள் புராஜெக்ட். மரத்தடியில் கைப்பேசி லைன் கிடையாது. அதனால் எஸ்கியூலைட் (SQLite) என்ற சின்ன டேட்டாபேஸில் கைப்பேசியிலேயே சேமித்து, ஆபீஸ் வைஃபை கிடைத்ததும் அனுப்பும்படி செய்தோம். “ஒரே மர நிரையை ரெண்டு பேர் பதிஞ்சிட்டா எது கணக்கு தம்பி?” என்று கிராணி கேட்டால், லெக்சரர் கேட்பதைவிட அதிகமாக வியர்க்கும்.

இரண்டில் எது என்பதை முடிவு செய்ய வேண்டியது பராமரிப்புதான். நீங்கள் பட்டம் வாங்கிப் போனபின் யார் பார்ப்பார்? கம்பெனியில் ஆள் உண்டு. தோட்டத்தில் கிராணிதான் எல்லாம். இலவச சர்வரை நம்பாதீர்கள். ஆப்களை நெட்டில் ஓடவிட இடம் தரும் ஹெரோக்கு 2022 நவம்பர் 28-இல் இலவசத் திட்டத்தையே மூடியது. ப்ளே ஸ்டோரில் போட்டாலும் தொல்லை: புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப அவ்வப்போது மாற்றாவிட்டால், புதுக் கைப்பேசி வாங்கியவர் தேடினால் ஆப் வராது. நாங்கள் ஏபிகே கோப்பை (ஆப்பை நிறுவும் கோப்பு) கைப்பேசியில் நேரடியாக ஏற்றி, டேட்டாபேஸை ஆபீஸ் கணினியிலேயே வைத்தோம். எக்செல்லில் எடுக்க ஒரு பட்டன்; ஆப் படுத்தாலும் பழைய கணக்கு கையில் இருக்கும். ஆப்புக்கு வேண்டிய அக்கவுண்டுகளையெல்லாம் தோட்டத்து ஈமெயிலில் திறந்தோம், பல்கலைக்கழக ஈமெயிலில் இல்லை.

கையெழுத்துப் போடுமுன் மேனேஜரிடம் கேளுங்கள், பிறகு யார் பொறுப்பு என்று. ஒருவர் பெயரைச் சொன்னால் தோட்டத்தையே எடுங்கள். “அதான் நீங்க இருக்கீங்களே தம்பி” என்று சிரித்தால், எந்த மாதம் வரை என்று எழுத்தில் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் கேஎல் பஸ்ஸைப் பாருங்கள்.